ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அவ்வப்போது வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறவள் நான். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள் என்கிறார்கள். எல்லாம் சரியான யோசனைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவை எல்லாமே 'எனக்கு மன அழுத்தம் இருக்கிறது' என்று தெரிந்துவைத்திருக்கிற ஒருவரை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யாரும் வருவதில்லை. நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, கை கால் வெடவெடன்னு வருது, உடம்பெல்லாம் எரியுது, சாப்பிட்டது நெஞ்சுக்குழியிலேயே நிக்குது, ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை, இப்படித்தான் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கிடைக்கிற பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிரசவம் ஆன வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது, இதுதான் வேலை. மனநலத்துக்கென்று தனியாகப் படித்தவள் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போகிற நர்சம்மாவிடம் பெண்கள் சொல்லாதது எதுவும் இல்லை. மாமியார் உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'அக்கா, எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, செத்துடுவேனோன்னு பயமா இருக்கு' என்பார்கள். அதற்குள் அவர்கள் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்திருப்பார்கள். முதலில் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மந்திரித்துக் கட்டிய கயிறு. அதற்கப்புறம் நாகையில் ஈசிஜி, தஞ்சாவூரில் எக்கோ, ஸ்கேன், சிலருக்கு எண்டோஸ்கோபி வரைக்கும். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் நார்மல் என்றுதான் இருக்கும். தோட்டை அடகு வைத்து வாங்கிய நார்மல்.

கடைசியில் ஒரு டாக்டர் சொல்வார்: 'உனக்கு ஒண்ணும் இல்லைம்மா, எல்லாம் டென்ஷன்தான், கவலைப்படாம இரு.' கூடவே ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார், அல்லது கேட்டதற்காக ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், வெளியே இன்னும் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த 'ஒண்ணும் இல்லை' வீட்டுக்குப் போனதும் வேறு அர்த்தம் எடுத்துவிடுகிறது. புருஷன் சொல்வார், 'அதான் டாக்டரே ஒண்ணும் இல்லைன்னுட்டாரே, இன்னும் என்ன நடிப்பு?' மாமியார் சொல்வார், வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று. அந்தப் பெண்ணுக்கும் ஒரு சந்தேகம் வந்துவிடும், நிஜமாகவே நான்தான் கற்பனை பண்ணிக்கொள்கிறேனோ என்று. வலி அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் உரிமை மட்டும் போய்விடும். இதைவிடக் கொடுமையான சிகிச்சை எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

அவளுக்கு ஒன்றுமில்லை என்பது உண்மையும் இல்லை. ஆபத்து என்று மூளை ஒரு கணம் முடிவு செய்துவிட்டால் போதும், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் இறக்கிவிடும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், தசைகள் எல்லாம் முறுக்கேறும், அந்த நேரத்துக்குத் தேவையில்லாத செரிமானம் மந்தமாகும். பாம்பைக் கண்டால் ஓடுவதற்கு இது வேண்டியதுதான். ஓடி முடித்ததும் உடம்பு தணிந்துவிடும். ஆனால் ஓட முடியாத ஆபத்தில் இருக்கிறவள் என்ன செய்வாள்? குடித்துவிட்டு வரும் புருஷன், வியாழக்கிழமை வந்து நிற்கும் குழுக் கடன்காரர், கடலுக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பாத மகன், இவற்றிடமிருந்து எங்கே ஓடுவது? உடம்பு ஓடத் தயாராகி நின்றபடியே நின்றுவிடுகிறது. கழுத்தும் தோளும் இறுகித் தலைவலியாகிறது. கார்டிசால் என்கிற இன்னொரு சுரப்பு நாள்கணக்கில் கூடுதலாக இருந்தால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் சாப்பாட்டை மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை.

அந்தப் படபடப்பு வரும்போது கை மரத்துப்போவதற்கும் காரணம் இருக்கிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், உதட்டோரமும் விரல் நுனியும் விறுவிறுக்கும், சிலருக்கு விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளவே செய்யும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள், சுற்றி நின்று கத்துவார்கள், அவள் இன்னும் பயந்து இன்னும் வேகமாக மூச்சு விடுவாள். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கிவிடும் இது. இதை ஒரு தடவை படிப்படியாக விளக்கிச் சொன்னாலே, 'அப்ப நான் சாகமாட்டேனாக்கா?' என்று கேட்டுவிட்டு அழுத பெண்கள் இருக்கிறார்கள். பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும். விளக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும், அதைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

துக்கம் தாங்காமல் நெஞ்சு வெடித்துச் செத்தாள் என்று நம் ஊரில் சொல்வார்கள். பெரிய துக்கத்தாலோ அதிர்ச்சியாலோ இதயத்தின் இடது கீழறை திடீரென்று பலமிழந்து உப்பிப்போகிற நிலையை 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள், தகோட்சுபோ என்று பெயர். பார்வைக்கு மாரடைப்பு மாதிரியேதான் இருக்கும், ஆனால் அதற்குக் காரணமான ரத்தக் குழாய் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். மனதில் விழுந்த அடி இதயத் தசையில் தெரிகிறது, கருவியில் பார்க்க முடிகிறது. அப்புறமும் 'மனசுதானே' என்று எப்படி ஒதுக்க முடியும்?

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பு, குமட்டல், முதுகுவலி, தாடைவலி என்று மட்டும் வரலாம். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, ரத்தசோகைக்கும் மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் முதலில் ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்தாக வேண்டும். பார்த்து, ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அடுத்த கட்டம் என்று ஒன்று இல்லாததுதான் கோளாறு.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம். அன்று காலை எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று பெயர் சொன்னால் போதும், இந்தப் பகுதி ஆட்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். முதல் வாரங்களில் முகாம்களில் நாங்கள் எதிர்பார்த்தது வாந்திபேதியும் அம்மையும். காலரா வந்துவிடக் கூடாது என்று குளோரின் போட்டுக்கொண்டே இருந்தோம். ஆனால் வரிசையில் வந்து நின்றவர்கள் சொன்னது வேறு. தலை பாரம், நெஞ்சு அடைப்பு, இடுப்புவலி, காதுக்குள் சத்தம், சோறு இறங்கவில்லை. அலைச் சத்தம் கேட்டாலே கால் துவண்டுபோகிறது என்று சொன்ன ஆம்பளைகள், பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கை வலிக்கிறது என்று தினமும் வந்து தைலம் கேட்பார். எந்தக் கை என்று கேட்டால், பிள்ளையைப் பிடித்திருந்த கை. அதற்கு என்ன மாத்திரை எழுதுவது?

இன்னொன்றும் நடந்தது. சாவு விழுந்தால் நம் ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஆடி, மாரடித்து, ஒப்பாரி வைத்து அழுவார்கள். நாகரிகம் இல்லை என்று படித்தவர்கள் முகம் சுளிக்கலாம், எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. துக்கத்தை வாயாலும் நெஞ்சாலும் கையாலும் சேர்த்து இறக்கி வைக்கிற காரியம் அது. செத்தவரைப் பற்றிப் பாட்டாகவே சொல்லி முடிப்பார்கள், கூட உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் துக்கத்தில் பங்கெடுப்பார்கள். சுனாமியில் அதற்கு வழியே இல்லாமல் போனது. குழி தோண்டிக் கூட்டம் கூட்டமாகப் புதைத்தோம், முகம் பார்க்காமல் புதைத்தோம். பல பேருக்கு உடம்பே கிடைக்கவில்லை. அழவேண்டிய அழுகை அழப்படாமல் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன், டாக்டர்கள் வேறு பெயர் வைக்கலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் என்கிற மனநல மருத்துவ நிறுவனத்தின் பயிற்சி அப்போது அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் என்று சாதாரண ஆட்களுக்கே கொடுக்கப்பட்டது. அவர்கள் சொல்லிக்கொடுத்த அடிப்படைகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மனதில் இருப்பதைக் கொட்ட விடு. அவர்கள் இடத்தில் இருந்து பார். குறுக்கே பேசாமல் கேள். உறவையும் ஊரையும் துணைக்குக் கொண்டுவந்து சேர். கையும் காலும் வேலையில் ஈடுபட ஏற்பாடு செய். உடம்பு தளர்வதற்கும் விளையாடுவதற்கும் வழி செய். கும்பிடுகிற சாமியைக் கும்பிட விடு. மருந்துச் சீட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான விஷயம் இதில் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? வலை பின்ன நூல் கொடுத்த பிறகு சாப்பிட ஆரம்பித்த ஆண்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் காகிதமும் கலரும் கொடுத்தால் முதலில் கறுப்பு அலையாக வரைந்து தள்ளினார்கள், அப்புறம் மெல்லப் படகு வந்தது, வீடு வந்தது.

மூச்சுப் பயிற்சி பற்றி ஆராய்ச்சியே நம் கடலோர முகாம்களில் நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. சுனாமி நடந்து எட்டு மாதமாகியும் தூக்கம் இல்லாமல், திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்த 183 பேரை முகாம்வாரியாகப் பிரித்து, சிலருக்கு மொத்தம் எட்டு மணி நேர யோக மூச்சுப் பயிற்சியும், சிலருக்கு அதோடு நடந்ததைப் பேசி இறக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவைக் காத்திருக்க வைத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி எடுத்தவர்களுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்திருந்தன, 24 வாரம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2010-ல் இது மருத்துவ இதழில் வெளியானது. அந்தமானிலும் 47 பேரிடம் ஒரு வார யோகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் பயமும் துக்கமும் குறைந்து தூக்கம் மேம்பட்டிருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்தது, காத்திருந்தவர்களை ஆறு வாரத்துக்கு மேல் ஒப்பிட முடியாமல் போனது என்று அந்த முகாம் ஆராய்ச்சியில் குறைகள் உண்டு. இதை வைத்து எல்லா நோயும் மூச்சில் தீரும் என்று யாரும் விளம்பரம் செய்ய வேண்டாம். ஆனால் படிப்பு, காசு, மருத்துவர் எதுவும் கைக்கு எட்டாத ஒரு இடத்தில்கூட உடம்பு வழியாக மனதைத் தொட முடியும் என்பதற்கு இது போதும்.

ஏன் முடிகிறது என்பதும் புரியாத விஷயம் இல்லை. வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரைக்கும் போகிறது. அதன் இழைகளில் ஐந்தில் நாலு பங்கு உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. அதாவது மூளை உத்தரவு போடுவதைவிட உடம்பு சொல்வதைக் கேட்பதுதான் அதிகம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், இது எல்லோருக்கும் இயற்கையாகவே நடப்பது. வெளிமூச்சை நீட்டினால் அந்த மெதுவாகும் நேரமும் நீளும். 'கவலைப்படாதே' என்று மனதுக்குச் சொன்னால் அது கேட்காது, நாம் எல்லோரும் முயன்று பார்த்திருக்கிறோம். மூச்சை மெதுவாக்கினால் உடம்பு மூளைக்குச் சொல்லிவிடும்.

நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிமையானதுதான். சுவரில் சாய்ந்து உட்கார், பாதம் இரண்டும் தரையில் படட்டும். மூன்று எண்ணி மூக்கால் இழு, ஆறு எண்ணி வாயைக் குவித்து மெதுவாக விடு. ஐந்து நிமிடம் போதும். படபடப்பு வரும்போது மட்டும் செய்யாதே, நன்றாக இருக்கும்போதும் தினமும் செய்து பழகு, இல்லையென்றால் அந்த நேரத்தில் உடம்புக்கு ஞாபகம் வராது. இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு, யோகா சொல்லிக்கொடுக்கிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவரிடம், கழுத்தை நெரிக்கப்பட்டவரிடம், 'மூச்சை அடக்கு' என்று சொல்லக் கூடாது. அவர்களுக்கு அது பயிற்சி இல்லை, அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போவது. அதேபோல் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கண்ணை மூடினால் சிலருக்கு எல்லாம் திரும்ப வந்து நிற்கும். திறந்தபடியே இருக்கட்டும், எதிரே இருக்கிற மரத்தைப் பார்க்கட்டும், தரையைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தம் கூடியவர்களும் மூச்சை அடக்கும் பயிற்சி, வேகமாக ஊதும் பயிற்சி எல்லாம் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

மூச்சைத் தவிர நடை இருக்கிறது. இரண்டு பெண்கள் சேர்ந்து சாயங்காலம் பேசிக்கொண்டே நடப்பதற்கு ஈடான மருந்து குறைவு, ஆனால் எங்கள் ஊர்களில் பெண்கள் வேலையில்லாமல் சும்மா நடந்தால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நடக்கச் சொல்வேன். கும்மி, கோலாட்டம், பஜனை, மாதாகோயில் பாட்டு, எதுவாக இருந்தாலும் பல பேர் ஒன்றாகப் பாடும்போது மூச்சு தானாக நீண்டு ஒழுங்காகிறது, தனியாகப் பயிற்சி என்று சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, இதெல்லாம் எது வரைக்கும்? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், செத்தால் தேவலாம் என்கிறாள் என்றால் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், மருந்து வேண்டியிருந்தால் சாப்பிட வேண்டும், மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. கூட யாராவது போக வேண்டும், போ என்று அனுப்பக் கூடாது.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை வேறு சமாச்சாரம். அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் விற்கவே கூடாது, ஆனால் கிடைக்கிறது. பழகிவிட்டால் விடுவது கடினம், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். ஆண்களுக்கு இந்த மாத்திரையின் இடத்தில் டாஸ்மாக் இருக்கிறது. உடம்பு அலுப்புக்குக் குடிக்கிறேன் என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், தொழில் இல்லை, அதற்கப்புறம் டீசல் கடன், கடலில் இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமோ என்ற பயம். இவ்வளவையும் சுமக்கிற ஆளுக்குப் பயமா இருக்கு என்று சொல்ல அனுமதியில்லை, உடம்பு வலிக்குது என்று சொல்ல மட்டும்தான் அனுமதி.

அதனால்தான் மன அழுத்தத்தை அவரவர் சமாளித்துக்கொள்ள வேண்டிய திறமையாக மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. வாரத் தவணைக்கு வாசலில் வந்து உட்கார்ந்து நாலு பேர் பார்க்கக் கத்துகிறவரை மூச்சுப் பயிற்சியால் அனுப்ப முடியாது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது, அது எங்கள் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடிக்கிற புருஷனுக்கு எதிராக 181-க்கு அழைக்கலாம் என்று தெரியாத பெண்ணிடம் தியானம் செய் என்று சொல்வது அநியாயம். உடம்பைத் தணிப்பது யோசிப்பதற்கு ஒரு இடைவெளி கொடுக்கும், அந்த இடைவெளியில் பிரச்சினைக்கு ஒரு கை கிடைக்க வேண்டும்.

இனி கேட்க வேண்டியவர்களிடம் கேட்கிறேன்.

டாக்டர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'ஒண்ணும் இல்லை'க்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'உங்க வலி நிஜம். இதயம் நல்லா இருக்கு. ரொம்ப நாள் பயமும் கவலையும் இருந்தா உடம்பு இப்படித்தான் பேசும். இதுக்கு வழி இருக்கு. பதினஞ்சு நாள் கழிச்சு திரும்ப வாங்க.' அந்தத் திரும்ப வாங்க ரொம்ப முக்கியம், தன்னைக் கைவிடவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அரசிடம் கேட்பது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நான் பார்த்த நல்ல திட்டங்களில் ஒன்று அது. கருவியை மடித்து வைக்கும்போது கூடவே இரண்டு கேள்வி கேட்கட்டும். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருக்கிறதா? உலகம் முழுக்க மருத்துவமனைகளில் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கக் கேட்கிற முதல் இரண்டு கேள்விகள் இவைதான். ஆம் என்று சொன்னவர்களை எங்கே அனுப்புவது என்பதும் எழுதிக் கையில் கொடுக்கப்பட வேண்டும். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலமும் இருந்தது. நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகவும், நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்றும் அது சொன்னது. வராதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டாம், நெஞ்சுவலி வரிசையிலும் வயிற்றுவலி வரிசையிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அப்புறம், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவு சாத்திப் பேச ஒரு அறை வேண்டும். ஊசி போடும் இடத்தில் பத்துப் பேர் நிற்க ஒரு பெண் தன் வீட்டுக் கதையைச் சொல்லமாட்டாள். மனநலச் சேவை பெறுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை, யாரும் தயவு செய்யத் தேவையில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வந்து போகிறது. வந்து போனதே பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. நாளைக்கு எந்தெந்த ஊரில் மின்தடை என்று தினமும் போடுகிறீர்கள், அதைப் பார்த்துத்தான் நாங்கள் மாவு அரைத்து வைக்கிறோம். அதே மாதிரி, அந்தந்த மாவட்டப் பதிப்பில், மாதத்தின் முதல் நாள், எந்த ஊரில் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு மனநல மருத்துவர் இருப்பார் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் கிடைக்கும். அந்தக் கட்டத்தின் கீழே 14416 என்ற எண்ணையும் போடுங்கள், அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தலைப்பில் மட்டும் மனநோய் என்று போட வேண்டாம். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, தீராத தலைவலி, ரிப்போர்ட்டில் தெரியாத உடம்புவலி என்று போடுங்கள், அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் அது தங்களுக்குத்தான் என்று தெரிந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.